ரோட்டன்பர்க் போனோம், கடன் கணக்கு பார்த்தோம்

போன வருடம் மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு ஜெர்மனி போய்விட்டு வந்தோம். "ஒரு பதிவு போடுங்களேன்" என்று இங்கே வதோதராவில் நம் தமிழ்க் குடும்பங்கள் பார்க்கும் போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதம் தள்ளிப்போட்டதற்குப் பாதிக் காரணம் சோம்பல். மீதிப் பாதி என்ன என்பது படித்தால் தெரியும்.

தங்கமணியின் தம்பிக்கு நியூரம்பர்க் பக்கத்தில் எர்லாங்கன் என்ற ஊரில் வேலை. ஐந்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வங்கியில் கிடைக்கும் எல்.எஃப்.சி.க்கு வெளிநாடு கிடையாது, முழுக்கக் கைக்காசு. அதனால் பாரிஸ், சுவிஸ் என்று பறக்காமல் மச்சினன் வீட்டில் தங்கிக்கொண்டு அவன் காரிலேயே நாலு நாள் கிராமப்புறமாகச் சுற்றுவது என்று முடிவு. நியூரம்பர்க்கில் ஆரம்பித்து ரோட்டன்பர்க், டிங்கெல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் வழியாகத் தெற்கே ஆக்ஸ்பர்க் வரை. எல்லாமே மதில் சுவர், கோபுரம், சரிந்த ஓட்டுக் கூரை, ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி என்று காலண்டர் படம் மாதிரி இருக்கும் ஊர்கள்.

முதல் நாள் நியூரம்பர்க். சந்தைத் திடலில் ஃப்ராவன்கிர்ஷெ என்று ஒரு மாதா கோயில். அதன் முகப்பில் ஒரு பழைய கடிகாரம். பகல் 12 மணி அடித்ததும் பொம்மைகள் வெளியே வரும். நடுவில் பேரரசர் நாலாம் சார்லஸ் உட்கார்ந்திருப்பார். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேர் அவரைச் சுற்றி வந்து வணங்குவார்கள். யார் யார் ஓட்டுப் போடலாம் என்று 1356-ல் அவர் போட்ட சட்டத்தின் நினைவாகச் செய்தது. கூட்டம் கைதட்டியது. நாங்களும் தட்டினோம். பையன் வீடியோ எடுத்தான். திடலிலேயே மூன்று விரல்கடை நீளத்துக்கு இருக்கும் குட்டி சாசேஜைப் பன்னில் வைத்து மச்சினன் சாப்பிட்டான். நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். (அக்காவும் தம்பியும் இதற்குப் போட்ட சண்டை தனிப் பதிவுக்குத் தாங்கும்.)

அங்கிருந்து ரோட்டன்பர்க் சுமார் 80 கிலோமீட்டர். டௌபர் என்ற சின்ன ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கிறது ஊர். காரை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து உள்ளே போனால் எதையும் நம்ப முடியவில்லை. கல் பாவிய தெரு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், கடைக்கு வெளியே இரும்பில் செய்த பெயர்ச்சின்னம். பெண் பத்தாவது முடித்தவள், எதற்கும் "ம்ம்" என்பதற்கு மேல் சொல்லாதவள். அவளே "அப்பா, இது நெஜ ஊரா, செட்டா?" என்றாள்.

நிஜ ஊர்தான். ஆனால் இப்படியே மிஞ்சியதற்குக் காரணம் வறுமை. ஒரு காலத்தில் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரம், நல்ல பணக்கார ஊர். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் மாறி மாறிப் படைகள் வந்து சுரண்டிவிட்டுப் போன பிறகு, பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அப்படியே உறைந்துபோனது. பிற்காலத்தில் ஓவியர்களும் சுற்றுலாக்காரர்களும் கண்டுபிடித்து வந்தபோது அந்த வறுமையே முதலாகிவிட்டது. நம்ம ஊரிலும் பங்காளி வழக்கில் கிடந்த வீட்டில்தானே பழைய தேக்குத் தூண் மிஞ்சியிருக்கிறது!

இங்கேயும் ஒரு பொம்மைக் கடிகாரம். 1631-ல் கத்தோலிக்கப் படைத்தலைவர் டில்லி ஊரைப் பிடித்துக் கொளுத்தப் போனாராம். மூணேகால் லிட்டர் வைனை ஒரே மூச்சில் குடிப்பவன் இருந்தால் விட்டுவிடுகிறேன் என்றாராம். முன்னாள் மேயர் நுஷ் என்பவர் குடித்து ஊரைக் காப்பாற்றினாராம். டில்லி ஊரைப் பிடித்தது வரலாறு, குடித்தது கதை. 1881-ல் இதை நாடகமாகப் போட்டார்கள். இன்றைக்கும் ஊர் இதை விற்கிறது. மணிக்கொரு தரம் கடிகாரத்துக்கு இருபுறமும் ஜன்னல் திறக்க, பொம்மை மேயர் கோப்பையைத் தூக்குகிறார். மறுபடியும் கைதட்டல்.

மதில் மேலேயே கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. 1945 மார்ச் 31 அன்று விமானக் குண்டுவீச்சில் ஊரில் சுமார் 40 சதவீதம் போய்விட்டது, மதிலிலும் ஒரு பகுதி விழுந்தது. உலகம் முழுவதிலிருந்தும் நன்கொடை வாங்கித் திரும்பக் கட்டினார்கள். கொடுத்தவர் பெயரைச் சுவரில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். நம்ம ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவோமே, அதே சங்கதி. ஜப்பான்காரர்கள் பெயர் ஏராளம். பையன் இந்தியப் பெயர் தேடிக்கொண்டே நடந்தான்.

கீழே இறங்கி, பையனுக்குக் கழிவறை தேடிப் போனபோதுதான் 'யூடன்காஸ' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தேன். யூதர் தெரு. பயணிகள் கூட்டம் அங்கே வரவில்லை. வரிசையாகப் பழைய வீடுகள், சில வளைந்து நிற்கின்றன. ஜெர்மனியில் இவ்வளவு பழைய யூதர் தெரு வீடுகளோடு மிஞ்சியிருப்பது அபூர்வம் என்று மச்சினன் சொன்னான். ஒரு வீட்டின் நிலவறையில் சடங்குக் குளியலுக்கான குளம்கூட இருக்கிறதாம். வெளியூரில் நம்ம ஆட்கள் ஒரே தெருவில் வீடு பார்த்துக்கொள்வோமே, அந்த மாதிரி போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். பக்கத்தில் வெள்ளைக் கோபுரம் ஒன்று. அதை ஒட்டிய சின்னத் தோட்டத்துச் சுவரில் எபிரேய எழுத்தில் கல்லறைக் கற்களின் நகல்கள். அசலெல்லாம் அருங்காட்சியகத்தில். அந்தக் கற்கள் இருந்த இடுகாடு எங்கே என்று கேட்டேன். நாங்கள் சற்று முன்பு கடந்து வந்த ஷ்ரானென்பிளாட்ஸ் திடல்தான். கார்கள் நின்றுகொண்டிருந்தன.

அங்கேதான் மயிர் என்ற ரப்பியின் பெயர் முதலில் என் கண்ணில் பட்டது. 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாடுகளின் யூதர்களுக்கெல்லாம் அவர்தான் கடைசித் தீர்ப்பு. எங்கெங்கிருந்தோ வழக்குகளை எழுதி அனுப்புவார்கள், ரோட்டன்பர்க்கில் உட்கார்ந்து பதில் எழுதுவார். பேரரசரின் ஆட்கள் யூதர்களைக் 'கருவூலத்தின் அடிமைகள்' என்றே குறிப்பிட்டார்கள். சட்டப்படி அவர்கள் அரசரின் சொத்து, வரி விதிக்கலாம், அடகு வைக்கலாம். வரி தாங்காமல் பல குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்பின. மயிரும் 1286-ல் கிளம்பினார். வழியில் இத்தாலியில் பிடிபட்டு, அரசர் ருடால்ஃபிடம் ஒப்படைக்கப்பட்டார். பெரும் தொகை கொடுத்தால் விடுவதாகப் பேச்சு. பணம் திரட்ட அவர் மக்கள் தயார். ஆனால் தனக்காகக் கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு ஒவ்வொரு ரப்பியையும் பிடித்து வைப்பார்கள் என்று அவரே தடுத்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1293-ல் சிறையிலேயே இறந்தார். அதோடு முடிந்ததா? உடலைத் தரவில்லை. 14 வருடம் கழித்து, 1307-ல், அலெக்சாண்டர் விம்ப்ஃபன் என்ற வணிகர் பணம் கட்டி உடலை மீட்டு வோர்ம்ஸ் ஊரில் அடக்கம் செய்தார். அவர் கேட்டது ஒன்றுதான், ரப்பியின் பக்கத்தில் தனக்கும் இடம். இரண்டு கல்லறையும் இன்றும் அருகருகே இருக்கின்றன.

இடையில் 1298. பக்கத்து ஊரான ரோட்டிங்கனில், புனித அப்பத்தை யூதர்கள் அவமதித்தார்கள் என்று ஒரு புரளி. ரிண்ட்ஃப்ளைஷ் என்பவன் தலைமையில் ஒரு கும்பல் ஊர் ஊராகக் கிளம்பியது. ரோட்டன்பர்க்கில் மட்டும் சுமார் 450 பேர் கொல்லப்பட்டார்கள். கடைசியில் ஊரின் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தவர்களையும் விடவில்லை. அந்தக் கோட்டை இருந்த இடம் இப்போது பூங்கா. டௌபர் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். எல்லோரும் அங்கேதான் குடும்பப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம். பூங்காவில் இருந்த நினைவுக்கல்லை அதற்குப் பிறகுதான் பார்த்தோம்.

அன்று இரவு தங்கும் விடுதியில் பெண் கேட்டாள். "அவங்களைப் பிடிக்கலைன்னா ஏம்பா அவங்ககிட்டயே கடன் வாங்கினாங்க?"

இது என் ஏரியா. பிகாம் படித்ததற்குப் பெற்ற பெண்ணிடம் முதல் முறையாக மரியாதை கிடைக்கும் போலிருந்தது. கிறிஸ்தவர் கிறிஸ்தவருக்கு வட்டிக்குக் கொடுப்பதைத் திருச்சபை தடுத்திருந்தது. யூதர்களுக்கோ பெரும்பாலும் நிலம் வாங்க வழியில்லை, கைத்தொழில் சங்கங்களில் இடமில்லை. மிஞ்சியது கொடுக்கல் வாங்கல். ஊருக்குக் கடன் வேண்டும், கொடுக்கும் பாவம் தனக்கு வேண்டாம். எத்தனை வட்டி? அந்தக் காலத்தில் பல ஊர்களில் இருந்த கணக்கு, ஒரு பவுண்டுக்கு வாரம் 2 பென்னிக். ஒரு பவுண்டுக்கு 240 பென்னிக். 52 வாரத்துக்கு 104. வருடத்துக்கு 43⅓ சதவீதம். நம்ம ஊர்ப் பேச்சில் நூத்துக்கு மாசம் மூணு ரூபாய் அறுபது காசு. "கொள்ளை இல்லையா அத்தான்?" என்றான் மச்சினன். கொள்ளைதான். கட்டினவன் வயிற்றெரிச்சலும் பொய்யில்லை. ஆனால் அந்த வட்டியில் அரசருக்கு வரி, ஊருக்கு வரி, இவை போக எப்போது வேண்டுமானாலும் அசலே போய்விடலாம் என்ற பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வாராக்கடன் அதிகமானால் வட்டி ஏறும். இது எந்த நூற்றாண்டிலும் அப்படித்தான்.

அசல் எப்படிப் போகும் என்பதை எல்லோரும் தூங்கின பிறகு செல்போனில் படித்துக்கொண்டிருந்தேன். 1385-ல் அரசர் வென்செஸ்லாஸும் தென் ஜெர்மன் நகரங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். யூதர்களிடம் வாங்கி ஒரு வருடம் ஆகாத கடனுக்கு வட்டி கிடையாது. அதற்கு முந்தைய கடனில் வட்டியும் முதலும் சேர்த்துக் கால் பங்கு தள்ளுபடி. மீதி முக்கால் பங்கு? அதுவும் கொடுத்தவருக்கு இல்லை. பத்திரங்களையும் அடகையும் நகர நிர்வாகம் எடுத்துக்கொண்டு தானே வசூலித்தது. இதற்கு அனுமதி தந்த அரசருக்கு நகரங்கள் 40,000 குல்டன் கட்டின. ஐந்து வருடம் கழித்து 1390-ல் இன்னொரு ஆணை. இந்த முறை பிரபுக்கள் வாங்கியிருந்த கடனும் சேர்ந்து முழுக்கத் தள்ளுபடி. அரசருக்கு மறுபடி ஒரு தொகை.

'கால் பங்கு' என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்ற அனுமதி வேண்டும்.

2008. வங்கியில் சேர்ந்து சில வருடங்கள், விதர்பாவில் யவத்மால் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளை. மத்திய அரசின் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது. 2 ஹெக்டேர் வரை நிலம் இருந்தால் பாக்கி முழுக்கத் தள்ளுபடி. அதற்கு மேல் என்றால் முக்கால் பங்கு கட்டினால் கால் பங்கு தள்ளுபடி. பயனாளிகள் பட்டியலை ராத்திரி பகலாகத் தயாரித்து நான்தான் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். மறுநாள் ஒரு காகா வந்தார். அறுபது வயதிருக்கும், பருத்தி விவசாயி, எந்தத் தவணையும் தவறாதவர். பட்டியலை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, தன் பெயர் இல்லையே என்றார். நீங்கள்தான் கட்டிவிட்டீர்களே, பாக்கி வைத்தவர்களுக்குத்தான் என்றேன். எனக்குத் தெரிந்த மராத்தியில் விதியைச் சரியாகவே சொன்னேன். "சாவ்காரிடம் வாங்கித்தான் உனக்குக் கட்டினேன்" என்றார். சாவ்கார் என்றால் அங்கே வட்டிக்காரர். அந்தக் கடன் திட்டத்தில் வராது. ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வங்கிக்கு நஷ்டமில்லை. தள்ளுபடி செய்ததை அரசாங்கம் தவணை தவணையாக எங்களுக்குக் கொடுத்துவிட்டது. நான் அன்று நிமிர்ந்து பார்த்தது இந்த வித்தியாசத்தைத்தான். 1385-லும் கடனாளிக்கு நிவாரணம் கிடைத்தது, உண்மை. ஆனால் அரசர் தன் கஜானாவிலிருந்து ஒரு காசு போடவில்லை, மாறாக வாங்கிக்கொண்டார். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கம் குறைத்தால் மறுபக்கம் யாராவது தாங்க வேண்டும். யார் தலையில் எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதே இரவில்தான் நியூரம்பர்க்கையும் தேடிப் பார்த்தேன். நாங்கள் புளியோதரை சாப்பிட்ட திடல் முன்பு யூதர் குடியிருப்பு. மாதா கோயில் நிற்கும் இடம் அவர்களுடைய தொழுகைக்கூடம். அந்த வீடுகளை இடித்துச் சந்தைத் திடல் அமைத்துக்கொள்ள நகரத்துக்கு 1349 நவம்பரில் எழுத்து மூலம் அனுமதி தந்தவர் பேரரசர் நாலாம் சார்லஸ். டிசம்பர் 5 அன்று குறைந்தது 562 பேரைக் கொன்றார்கள். 12 மணிக்கு நாங்கள் கைதட்டியது அவருக்கு. கோயிலுக்குள் தரையில் இதன் நினைவாக ஒரு தாவீது நட்சத்திரம் பதித்திருக்கிறார்களாம். நாங்கள் உள்ளேயே போகவில்லை. வென்செஸ்லாஸ் அவருடைய மகன்.

மறுநாள் காலை டிங்கெல்ஸ்பூல். அழகான ஊர், குண்டும் விழவில்லை. இங்கே குழந்தைகள் போய்க் கெஞ்சி ஸ்வீடன் படையிடமிருந்து ஊரைக் காப்பாற்றியதாகக் கதை. காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

நோர்ட்லிங்கன் பையனுக்குப் பிடித்த ஊர். சுமார் ஒன்றரைக் கோடி வருடங்களுக்கு முன்பு ஒரு விண்கல் விழுந்த பள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது. பள்ளத்தின் குறுக்களவு சுமார் 25 கிலோமீட்டர். சந்திரனுக்குப் போவதற்கு முன் அப்போலோ விண்வெளி வீரர்கள் 1970-ல் இங்கே வந்து பாறைகளைப் படித்தார்கள். மோதிய வேகத்தில் உண்டான கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்கள் இங்குள்ள கட்டடக் கற்களில் இருக்கின்றன. தேவாலயக் கோபுரம் சுமார் 90 மீட்டர், அதே கல். ஏறினோம். மூட்டு வலியைப் பற்றி எழுதக் கூடாது என்று தங்கமணி உத்தரவு.

மேலிருந்து பார்த்தால் ஊர் வட்டமாக, மதில் அறுபடாமல் முழுதாகத் தெரிகிறது. பையன் வைரக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு முந்தின இரவு படித்தது ஓடிக்கொண்டிருந்தது. 1385 ஒப்பந்தத்துக்கு முந்தைய வருடம், 1384-ல், இந்த ஊர்க்காரர்கள் இங்கிருந்த யூதர்களைக் கொன்று உடைமைகளை எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தவனே இல்லையென்றால் பத்திரத்தை நீட்டுவது யார்?

யவத்மாலில் எங்கள் கிளைக்கு எதிரே டீக்கடையில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். "சாவ்கார் செத்தா கடன் போச்சு" என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் சிரிப்போம். நானும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். வங்கிக்காரன் என்ற முறையில் அந்த ஆளை எனக்கும் பிடிக்காது. எங்கள் வாடிக்கையாளர்களை அவர்தான் பிடித்து வைத்திருந்தார். நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வாங்குவார் என்று பேச்சு. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், கிளையில் அவர்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு இருந்தது. கோபுரத்து மேல் நின்றபோது அந்தப் பாஸ்புக்குகள் ஞாபகம் வந்தன. பெண் "என்னப்பா, தலை சுத்துதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கடைசி நாள் ஆக்ஸ்பர்க். இங்கே ஃபுகர் குடும்பத்தைப் பார்க்காமல் வங்கிக்காரன் திரும்பக் கூடாது. யாகோப் ஃபுகர் அந்தக் காலத்து ஐரோப்பாவின் பெரிய பணக்காரர். 1519-ல் ஐந்தாம் சார்லஸைப் பேரரசராக்க, ஓட்டுரிமை பெற்றவர்களுக்குக் கொடுத்த சுமார் எட்டரை லட்சம் குல்டனில் ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு இவர் போட்டது. நம் மலையாளக் கரைக்கு 1505-ல் மிளகுக்குக் கிளம்பிய போர்ச்சுகீசியக் கப்பல்களிலும் இவர் பணம் உண்டு. 1521-ல் ஏழைகளுக்காக இவர் கட்டிய ஃபுகெராய் குடியிருப்பு இன்றும் இயங்குகிறது. 1944-ல் குண்டு விழுந்து பெரும்பகுதி அழிந்து, திரும்பக் கட்டினார்கள். வாடகை வருடத்துக்கு ஒரு குல்டன், இன்றைய கணக்கில் 88 சென்ட். ஐநூறு வருடமாக ஏற்றவில்லை. அதோடு தினம் ஃபுகர் குடும்பத்துக்காக மூன்று பிரார்த்தனைகள் சொல்ல வேண்டும். "நம்ம ஓனரை ஒரு தடவை இங்க கூட்டிட்டு வரணும்" என்றாள் தங்கமணி.

பிரார்த்தனை எதற்கு? வட்டி வாங்கிய பாவம் அவரையும் உறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்கும் வழி தேடினார். 1515-ல் யோகான் எக் என்ற இறையியல் பேராசிரியர் போலோன்யா போய், 5 சதவீத வட்டி பாவமில்லை என்று வாதாடினார். போக வரச் செலவு ஃபுகருடையது. ஐந்துக்கும் நாற்பத்து மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஃபுகரின் கடனுக்கு வெள்ளிச் சுரங்கம் ஈடாக இருந்தது. யாரும் ராத்திரியில் வந்து அவர் வீட்டைக் கொளுத்திப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளவும் போவதில்லை. வட்டி குறைவாகத்தான் இருக்கும்.

ஆக்ஸ்பர்க் தன் யூதர்களை வெளியேற்றியது 1438-ல் முடிவெடுத்து 1440-க்குள். ரோட்டன்பர்க் வெளியேற்றியது 1520-ல், ஃபுகெராய்க்கு முந்தைய வருடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி சில குடும்பங்கள் ரோட்டன்பர்க் வந்தன. கடைசியாக இருந்தவர்களை 1938 அக்டோபரில் விரட்டினார்கள், நாடு முழுக்கத் தொழுகைக்கூடங்கள் எரிந்த நவம்பர் இரவுக்கும் முன்பே.

சாயங்காலம் ஃபுகரின் மாளிகை இருக்கும் பெரிய தெருவில் நடந்துவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஒரு சரிவான சந்தில் இறங்கினோம். பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "யூ...டன்...பெர்க். மாமா, இதுவும் அந்தப் பேர்தானே? இங்க யார் இருக்காங்க?"

மச்சினன் மேலும் கீழும் பார்த்தான். ஒரு கடை, நிறுத்தி வைத்த சைக்கிள்கள், மாடி ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி.

"பேர் மட்டும்தான்டா இருக்கு" என்றான்.